சவரச் சவர்க்காரம் வீட்டில் செய்வது எப்படி: மலைநாட்டுக் குளிருக்கான முழுமையான வழிகாட்டி

குளியல் சவர்க்காரம் நன்றாகச் செய்யப் பழகியவர்கள்கூடச் சவரச் சவர்க்காரத்தில் முதல் தடவை தடுமாறுகிறார்கள். இதில் பாதிக்கு மேல் ஸ்டியரிக் அமிலம் என்ற திடக் கொழுப்பு அமிலம் சேர்கிறது, அதுதான் காரணம். தேங்காய் எண்ணெய் சவர்க்காரமாக மாற நேரம் எடுக்கும். ஸ்டியரிக் அமிலம் காரம் (அதாவது கோஸ்டிக் பொட்டாஷ், கோஸ்டிக் சோடா) பட்ட நொடியிலேயே மாறிக் கட்டிபட்டுவிடும். சட்டி சூடாக இருந்தால் அந்தக் கட்டி மெல்ல இளகும். ஆறிவிட்டால் கரண்டியே அசையாது.

"எண்ணெயும் காரக் கரைசலும் 40 பாகைக்கு ஆறட்டும், பிறகு கலக்குங்கள்" என்பது குளியல் சவர்க்காரத்துக்கான குறிப்பு. அதை இங்கே கொண்டுவந்தால் கதை முடிந்தது. அதிலும் நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துக் காலைக் குளிரில், சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சில நிமிடங்களிலேயே ஓரம் உறையத் தொடங்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள படிகளின் வரிசை முழுவதும் சூட்டை விடாமல் பிடித்து வைப்பதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள்.

300 கிராம் கொழுப்புக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். நான்கு சிறிய கிண்ணங்கள் நிரம்பும். முதல் தடவையே ஒரு கிலோ செய்யக் கிளம்ப வேண்டாம். பிழைத்தால் வீணாவதும் ஒரு கிலோ.

1. வாங்க வேண்டியவை

ஸ்டியரிக் அமிலம்: வெள்ளைச் செதிளாகவோ மணியாகவோ இருக்கும். மெழுகுவர்த்தி செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளிலும், கொழும்பு, கண்டி இரசாயனக் கடைகளிலும் கேளுங்கள். பரஃபின் மெழுகும் பார்க்க இதைப்போலவே இருக்கும், ஆனால் அது எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் சவர்க்காரம் ஆகாது. சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துச் சூடான, மிக ஐதான கோஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுக் கலக்குங்கள். நல்ல ஸ்டியரிக் கரைந்து நுரைக்கும். மெழுகு கலந்திருந்தால் ஆறியதும் மேலே ஏடு படியும்.

கோஸ்டிக் பொட்டாஷ்: பள்ளிக்கூடத்தில் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு என்று படித்தது இதுதான். ஹாட்வெயார் கடையில் கிடைக்காது, இரசாயனக் கடைக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் கொண்டு வருவதானால் இறுக மூடும் பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, அதை இன்னொரு பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். கடைக்காரர் கட்டித்தரும் பொலித்தீன் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வரும் பொருள் இல்லை இது.

கோஸ்டிக் சோடா: இதுவும் தூய்மையானதாக இருக்க வேண்டும். குழாய் அடைப்பு நீக்க விற்கும் தூள்களில் அலுமினியத் துகளும் வேறு சரக்கும் கலந்திருக்கக்கூடும். அவற்றை முகத்தில் பூசும் பொருளுக்குப் பயன்படுத்தவே கூடாது.

தேங்காய் எண்ணெய்: சாதாரணமானது போதும். விலை கூடிய வெர்ஜின் எண்ணெய் காரத்தில் போய் மணத்தை இழக்கத்தான் போகிறது, அது காசு விரயம். பொரித்து மிஞ்சிய எண்ணெய் வேண்டாம். மலைநாட்டில் கலப்படம் பார்க்க ஒரு வசதி இருக்கிறது: தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உறைந்துவிடும். குளிரான இரவில் போத்தலை வெளியே வைத்து, காலையில் முழுவதும் உறையாமல் ஒரு பகுதி திரவமாக மேலே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். கலப்பு எண்ணெய்க்குக் காரக் கணக்கும் மாறிவிடும்.

ஆமணக்கெண்ணெய், கிளிசரின்: இரண்டும் பாமசியில் கிடைக்கும். ஆமணக்கெண்ணெய் நுரையைப் பிடித்து நிறுத்துகிறது. கிளிசரின் நுரை முகத்தில் காய்ந்து போகாமல் காக்கிறது.

தண்ணீர்: காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது பெற்றோல் நிலையங்களில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வோட்டர். லேபிளைப் படித்து வாங்குங்கள். பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் அதே தட்டில் இருக்கும். தோட்டத்துப் பீலித் தண்ணீர் மென்மையானதுதான், ஆனாலும் அதில் என்ன கரைந்திருக்கிறது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. தாது உப்பு இருந்தால் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரையைக் கெடுக்கும்.

2. பாத்திரங்கள்

நம் அடுப்படியில் பாதிக்கு மேல் அலுமினியம்தான். அதில் ஒன்றைக்கூட இங்கே தொடக்கூடாது. காரம் அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். சட்டியும் போகும், சவர்க்காரமும் கறுக்கும். எவர்சில்வரா அலுமினியமா என்று தெரியாத பழைய பாத்திரத்தை ஒதுக்கி வையுங்கள்.

தேவைப்படுபவை: ஒன்றுக்குள் ஒன்று வைக்கக்கூடிய இரண்டு எவர்சில்வர் சட்டிகள், மூடி, நீளக் காம்புள்ள எவர்சில்வர் கரண்டி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்த பிளாஸ்டிக் ஜக் ஒன்று, சமையல் தெர்மோமீற்றர். கண்ணாடி ஜக்கில் காரம் கரைப்பவர்கள் உண்டு. திடீர்ச் சூட்டில் அது வெடிக்கலாம் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். உள் சட்டி, கலவையைப்போல மூன்று மடங்கு கொள்ளும் அளவு இருக்கட்டும். கலவை பொங்கும்.

தராசு மிக முக்கியம். எண்ணெய்க்கு 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். காரத்துக்கு 0.1 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும். கரண்டிக் கணக்கில் காரம் அளக்கக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி என்பது செதிளுக்கு ஓர் எடை, மணிக்கு இன்னோர் எடை.

பிளெண்டர் தேவையில்லை. இந்தக் கலவை அதற்கு மிகத் தடிப்பு, மோட்டார் சூடாகிப் புகைவதுதான் மிச்சம்.

3. அளவுகள்

ஸ்டியரிக் அமிலம் 165 கிராம்
தேங்காய் எண்ணெய் 90 கிராம்
ஆமணக்கெண்ணெய் 45 கிராம்
கோஸ்டிக் பொட்டாஷ் (90 சதவீதத் தூய்மை) 47.2 கிராம்
கோஸ்டிக் சோடா 13 கிராம்
காய்ச்சி வடித்த தண்ணீர் 150 கிராம்
கிளிசரின் 15 கிராம்
விரும்பினால் மணத் தைலம் 3 கிராம்

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால்தான் பிறகு நீங்களே மாற்றலாம். ஒரு கிராம் கொழுப்பைச் சவர்க்காரமாக்க எத்தனை கிராம் பொட்டாஷ் வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு கொழுப்புக்கும் ஓர் எண் உண்டு: ஸ்டியரிக்குக்கு 0.198, தேங்காய் எண்ணெய்க்கு 0.257, ஆமணக்கெண்ணெய்க்கு 0.180. எடையோடு பெருக்கிக் கூட்டினால் 32.7 + 23.1 + 8.1, மொத்தம் 63.9 கிராம். அதில் 5 சதவீதம் குறைத்தால் 60.7. இந்தக் குறைப்பு எதற்கென்றால், ஒரு துளி காரம்கூட மிஞ்சாமல் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சுவதற்கு.

இந்த 60.7 இல் 70 சதவீதம் பொட்டாஷ், 30 சதவீதம் சோடா. பொட்டாஷ் பங்கு 42.5 கிராம். வாங்கும் பொட்டாஷ் முழுத் தூய்மையாக இருப்பதில்லை, மீதி பெரும்பாலும் ஈரம்தான். எனவே 0.9 ஆல் வகுத்து 47.2. சோடாவின் பங்கு 18.2. சோடா பொட்டாஷைவிடக் குறைந்த எடையிலேயே அதே வேலையைச் செய்துவிடும், அதனால் 0.713 ஆல் பெருக்கி 13.

பைக்கற்றில் தூய்மை போட்டிருக்காவிட்டால் 90 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 85 ஆக இருந்தால் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும், தீங்கில்லை. நீங்களாக 85 என்று நினைத்துக் கூடுதலாகப் போட்டு, அது 95 ஆக இருந்துவிட்டால் முகம் எரியும்.

பொட்டாஷை 70 சதவீதத்துக்கு ஏற்றியது நம் ஊருக்காக. ஸ்டியரிக் சோடாவோடு சேர்ந்து வரும் சவர்க்காரம் கடினமானது, குளிர்ந்த தண்ணீரில் கரைய மறுக்கும். பொட்டாஷில் வருவது மென்மையானது, சுலபமாகக் கரையும். காலையில் ஒரு கேத்தல் தண்ணீர் காய்ச்சி வைத்துக்கொண்டாலும் தூரிகையும் கிண்ணமும் முகமும் குளிர்ந்துதான் இருக்கின்றன. பாதிக்குப் பாதி சோடா போட்ட சவர்க்காரத்தைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டிவரும்.

4. இடமும் நாளும்

காரம் கரையும்போது வரும் ஆவி தொண்டையைப் பிடிக்கும். லயத்து அடுப்படி இதற்குச் சரிவராது. அது சிறியது, புகை போக வழியில்லை, பிள்ளைகள் ஓடி வரும் இடம். கரைப்பதை இஸ்தோப்பிலோ வாசலிலோ வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசட்டும்.

இடையில் எழுந்து போகாமல் மூன்று மணி நேரம் கிடைக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வாழும் வீடானால், ஆரம்பிக்கும் முன்பே இரண்டு வாளி நிறைய நல்ல தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிரப்பி வையுங்கள். மூடுபனி இறங்கிய நேரத்தைத் தவிர்க்கலாம். பொட்டாஷ் காற்றிலுள்ள ஈரத்தை அவ்வளவு வேகமாக உறிஞ்சும், திறந்த போத்தலில் செதிள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனையும்.

5. கண், கை, தண்ணீர்

இரசாயன வேலைக்கான பாதுகாப்புக் கண்ணாடி, றப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் போதும் என்று நினைக்கிறார்கள். பக்கவாட்டில் திறந்திருக்கும் கண்ணாடி தெறிப்பைத் தடுக்காது.

தோலில் காரம் பட்டால் ஒரே மருந்து தண்ணீர். பட்ட துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். வினாகிரி ஊற்றக் கூடாது. அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும், அதோடு கழுவ வேண்டிய நேரமும் போய்விடும். மேசையில் சிந்தியதைத் துடைக்க மட்டும் வினாகிரியை வைத்துக்கொள்ளலாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆளனுப்பி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

6. எடை போடும் வரிசை

முதலில் மூன்று கொழுப்புகள், பிறகு தண்ணீர், கிளிசரின், தைலம். காரங்கள் கடைசியில், கரைப்பதற்குச் சற்று முன்புதான். போத்தலைத் திற, எடு, உடனே மூடு. முன்பே நிறுத்து வைத்துவிட்டு மற்ற வேலை பார்த்தால், ஈரம் ஏறியதால் தராசு காட்டும் எடையில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கும்.

உறைந்த தேங்காய் எண்ணெயைப் போத்தலிலிருந்து கத்தியால் தோண்டாதீர்கள். வெந்நீர்ச் சட்டிக்குள் போத்தலை நிறுத்தி முழுவதையும் உருக்கி, குலுக்கி, பிறகு நிறுங்கள்.

அச்சுக் கிண்ணங்களையும் இப்போதே துடைத்து வரிசையாக வையுங்கள். கடைசியில் தேட நேரம் இருக்காது.

7. கொழுப்பை உருக்குதல்

பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் சிறிய சட்டியை வைத்து மூன்று கொழுப்பையும் போடுங்கள். நேரடி நெருப்பு வேண்டாம். விறகடுப்பின் தணலை நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது, அடிப்பிடித்தால் கருகல் மணம் கடைசி வரை போகாது. காஸ் அடுப்பானாலும் தண்ணீர்ச் சட்டி முறைதான் நல்லது.

ஒரு விஷயம்: ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. அதனால் தாழ்நிலத்தில் எழுதிய குறிப்புகள் சொல்லும் நேரத்தைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். மூடி போட்டு உருக்குங்கள்.

எல்லாம் உருகித் தெளிந்து, தெர்மோமீற்றர் 80 பாகை காட்ட வேண்டும். அடியில் ஒரு செதிள்கூட உருகாமல் இருக்கக் கூடாது.

8. காரத்தைக் கரைத்தல்

கொழுப்பு முக்கால்வாசி உருகியதும் இதைத் தொடங்குங்கள். அதற்கு முன் கரைத்தால் கரைசல் ஆறிவிடும்.

ஜக்கில் முதலில் தண்ணீர். அதற்குள் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள், பொட்டாஷ் முதலில், அது தெளிந்த பிறகு சோடா. காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேல்படை மட்டும் நனைந்து, அந்தச் சூட்டில் கரைசல் கொதித்து முகத்துக்கு எழும். சரியாகச் செய்தாலும் பொட்டாஷ் சீறும், படபடவென்று சத்தம் போடும். பயப்பட வேண்டாம், முகத்தை மட்டும் ஜக்குக்கு மேலே கொண்டு போகாதீர்கள்.

கரைசல் முழுவதும் தெளிந்த பிறகு, ஜக்கை வெந்நீர் உள்ள பேசினில் நிறுத்தி வையுங்கள். கரையும் முன்பே வெந்நீரில் வைத்தால் கொதித்து வழியும், வரிசை முக்கியம். 70 பாகைக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

9. இரண்டையும் சேர்த்தல்

பெரும்பாலானவர்கள் கைவிடும் இடம் இதுதான்.

சட்டியைத் தண்ணீர்ச் சட்டியிலிருந்து எடுக்காமலே, கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை ஊற்ற, மறு கை விடாமல் கிண்ட வேண்டும். இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது, ஆனால் அவருக்கும் கண்ணாடி, கையுறை வேண்டும்.

பாதி ஊற்றும்போதே கலவை கட்டிபடும். மசித்த உருளைக்கிழங்கு மாதிரி உருண்டை உருண்டையாக நிற்கும், இடையில் எண்ணெய் ஓடும். எல்லாம் கெட்டுவிட்டது என்று ஊற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். ஸ்டியரிக் தன் பங்குக் காரத்தை உடனே எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் மீதிக் காரத்துக்காகக் காத்திருக்கின்றன. முழுவதையும் ஊற்றி, ஓரத்தை வழித்து, கட்டிகளைக் கரண்டியின் பின்புறத்தால் சட்டியோரத்தில் அழுத்தி உடைத்துக்கொண்டே இருங்கள்.

கலவை திடீரென்று மேலே எழும்பினால் கரண்டியால் அடிவரை குத்திக் கிளறுங்கள், அடங்கும். கிண்டவே முடியாத அளவு இறுகினால் கொதிநீர் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம், பிறகு இன்னொன்று. குளிர்ந்த தண்ணீர் சேர்க்கவே கூடாது.

10. வேகவைத்தல்

மூடி போட்டு ஒன்றரை மணி நேரம். கால் மணிக்கு ஒரு முறை திறந்து, அடியோடு புரட்டிக் கிண்டி, மீண்டும் மூடுங்கள். அடிக்கடி எட்டிப் பார்ப்பது சூட்டையும் ஈரத்தையும் இழக்க வைக்கும், மேலே தோல் கட்டும். வெளிச்சட்டியில் தண்ணீர் குறைந்தால் கேத்தலிலிருந்து கொதிநீரை ஊற்றுங்கள்.

முதல் அரை மணியில் உருண்டைகள் கரைந்து எண்ணெய் உள்ளே போய்விடும். பிறகு வெண்மை குறைந்து, கலவை பளபளப்பாக, ஓரங்களில் பாதி ஒளி ஊடுருவும்படி மாறும். கரண்டியில் எடுத்தால் இழுபடும். எங்கேயாவது வெள்ளைப் புள்ளியோ தனித்த எண்ணெயோ தெரிந்தால் இன்னும் வேகவில்லை.

அடுப்பில் தணல் தணிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் பரவாயில்லை. மறுபடி சூடேற்றித் தொடரலாம். இந்த முறையில் பாதியில் ஆறியதைக் காப்பாற்ற முடியும், சட்டி முழுவதும் மீண்டும் 80 பாகைக்கு மேல் வந்தால் போதும்.

11. காரம் மிஞ்சியிருக்கிறதா?

பட்டாணி அளவு எடுத்து நன்றாக ஆற வைத்து, ஈர விரலால் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெறும் சவர்க்காரச் சுவை மட்டும் இருந்தால் சரி. சுருக்கென்று கடித்தால் காரம் மிஞ்சியிருக்கிறது. உடனே வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். வேகும் முன் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், நாக்கு புண்ணாகும்.

நாக்கில் வைக்க விருப்பமில்லாதவர்கள் பினோத்தலீன் துளி வாங்கி வைத்துக்கொள்ளலாம். சவர்க்காரத்தில் ஒரு துளி விட்டு அடர்ந்த இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது.

கடித்தால் முதலில் இன்னும் 20 நிமிடம் வேகவையுங்கள். அப்புறமும் கடித்தால் 5 கிராம் ஸ்டியரிக்கை உருக்கிச் சேர்த்துக் கிண்டி மீண்டும் சோதியுங்கள். ஸ்டியரிக் காரத்தை உடனே பிடித்துக்கொள்ளும் என்பது இந்த இடத்தில் நமக்கு வசதி.

12. கிளிசரினும் மணமும்

கிளிசரினைப் போத்தலிலிருந்து நேரடியாக ஊற்ற வேண்டாம். வெந்நீரில் வைத்துச் சூடாக்கிச் சேருங்கள், இல்லாவிட்டால் பட்ட இடம் உறைந்து கட்டியாகும். 15 கிராமுக்கு மேல் போக வேண்டாம். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் மழைமாதங்களில் சவர்க்காரம் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

மணம் சேர்க்கும் முன் சட்டியை அடுப்பிலிருந்து விலக்கி, நெருப்புக்கு அப்பால் கொண்டு போங்கள். தைலங்களின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. நுவரெலியாப் பக்கம் சிறு போத்தல்களில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் சவரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது, 3 கிராம் தாராளம். கறுவாத் தைலமும் கராம்புத் தைலமும் நம் நாட்டுப் பெருமைதான், ஆனால் பிளேடு ஓடிய தோலில் இரண்டும் எரிச்சல் தரும். அவற்றை விட்டுவிடுங்கள். முதல் தடவை மணமே இல்லாமல் செய்வது இன்னும் நல்லது. பிறகு முகம் எரிந்தால் காரமா தைலமா என்று குழம்ப வேண்டியிருக்காது.

தண்ணீருக்குப் பதிலாகத் தேயிலைச் சாயம் ஊற்றலாமா என்று மலைநாட்டில் யாரும் கேட்காமல் இருந்ததில்லை. ஊற்றலாம். தேயிலை மணம் காரத்தில் அழிந்துபோகும், அழுக்குப் பழுப்பு நிறம் மட்டும் மிஞ்சும்.

13. அச்சில் அடைத்தல்

இந்தச் சவர்க்காரம் ஊற்றுப்பதமாக வராது, அள்ளி அடைக்க வேண்டும். பொட்டாஷ் கூடியதால் கட்டியாக வெட்டி எடுக்கவும் இயலாது. நேரே பாவிக்கப்போகும் கிண்ணத்திலேயே அடைப்பதுதான் சரி. பீங்கான் கோப்பை, எவர்சில்வர்க் கிண்ணம், அல்லது உட்புறம் சுரண்டி மினுக்கிய தேங்காய்ச் சிரட்டை. மெல்லிய யோகட் கப்புகள் இந்தச் சூட்டில் நெளிந்துவிடும். அலுமினிய டின் இங்கேயும் ஆகாது, வெந்த சவர்க்காரமும் காரத்தன்மை உள்ளதே.

கிண்ணங்களை வெந்நீரில் கழுவித் துடைத்துச் சூடாக வைத்திருங்கள். ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு அழுத்தி, மடித்த துணியின் மேல் கிண்ணத்தைத் தட்டினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மேற்பரப்பை ஈரக் கரண்டியால் சமப்படுத்துங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை இடம் விடுவது நல்லது, தூரிகை சுழல இடம் வேண்டும்.

சட்டியில் ஒட்டியதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். அதே சட்டியில் தூரிகையைச் சுழற்றி நுரை எப்படி இருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

14. உலர வைத்தல்

வெந்த சவர்க்காரம் மறுநாளே பாவிக்கத் தகுந்ததுதான். ஆனால் மூன்று நான்கு வாரம் உலர்ந்தால் தண்ணீர் குறைந்து இறுகும், நுரையும் அடர்த்தியாகும், சீக்கிரம் தேயாது.

எப்போது செய்கிறீர்கள் என்பது இங்கேதான் கணக்குக்கு வருகிறது. ஹட்டன், வட்டவளை, நுவரெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, எதுவும் காயாது. ஜனவரி முதல் மார்ச் வரை அவர்களுக்கு நல்ல காலம். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் நேர்மாறு. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று வீசும், வருடக் கடைசியில்தான் மழை.

மழைமாதத்தில் செய்துவிட்டால் அலுமாரியின் மேல்தட்டில் காற்றுப்படும்படி, மெல்லிய துணி மூடி வையுங்கள். விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் சீக்கிரம் காயும்தான், கூடவே புகை மணமும் ஏறும். தினமும் காலையில் புகை மணக்கும் நுரையை முகத்தில் பூச உங்களுக்குச் சம்மதமென்றால் வையுங்கள்.

15. முதல் சவரத்துக்கு முன்

முழங்கை மடிப்பில் கொஞ்சம் நுரை தடவிக் கழுவி ஒரு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

தூரிகையை இரண்டு நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, உதறி, சவர்க்காரத்தின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பிறகு கிண்ணத்திலோ முகத்திலோ சில துளி தண்ணீர் விட்டு விட்டு அடியுங்கள். ஸ்டியரிக் கூடிய சவர்க்காரம் நாம் நினைப்பதைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். "நுரை வரவில்லை" என்ற முறைப்பாட்டில் பெரும்பாதி, தண்ணீர் போதாததால் வருவது. பசைபோல நின்றால் இன்னும் நாலு துளி விடுங்கள்.

நுரை பெரிதாக எழும்பி உடனே வற்றினால் தேங்காய் எண்ணெய் கூடிவிட்டது. அடுத்த முறை அதை 75 கிராமாகக் குறைத்து ஸ்டியரிக்கை 180 ஆக்கி, காரத்தை மறுபடி கணக்கிடுங்கள். தூரிகையில் சவர்க்காரம் ஏறவே மாட்டேன் என்றால் சோடாப் பங்கு அதிகம், அல்லது பழைய பொட்டாஷ் ஈரம் குடித்து வலுவிழந்திருக்கும். மேலே வெள்ளைத் தூள் படிந்திருந்தால், காரத்தில் கொஞ்சம் காற்றோடு சேர்ந்து உருவான கார்பனேற்று அது. ஈரத் துணியால் துடைத்து நாக்குச் சோதனையை ஒரு முறை செய்து, பிறகு தாராளமாகப் பாவியுங்கள்.

சவரம் முடிந்ததும் கிண்ணத்தை மூடி வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டுத் திறந்தபடி காய விடுங்கள். மீந்த பொட்டாஷ் போத்தலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.